இளைக்குதுங்க

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. இந்த வருடமும் எனக்கு ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ். அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருப்பதால் ஏழாம் வகுப்பு அறிவியலையும் ஒரு பருவத்துக்கு நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். தமிழ் எம்.ஏ. படித்தவள் அறிவியல் எடுப்பதா என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

புத்தகக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதினால் மனசு கொஞ்சம் ஒழுங்குக்கு வரும் என்று எடுத்திருக்கிறேன்.

அண்ணன் ஏப்ரலோடு வேலையை விட்டுவிட்டார். இருபத்தேழு வருடம் ஒரே பவுண்டரியில் ஃபெட்லிங் செக்சன். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்த்து, கிரைண்டரில் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. இப்போது பால் பாக்கெட் வாங்கிவர அரைமணி நேரம் ஆகிறது. வழியில் யாரிடமோ பேச்சுக் கொடுப்பதுபோல நாலு இடத்தில் நிற்கிறார். பேச்சு எதுவும் இல்லை. மூச்சுக்காகத்தான் நிற்கிறார்.

போன வருடம் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். ஒன்றும் குறையவில்லை. நாலு வருடம் முன்பு பவுண்டரியில் நடந்த மருத்துவ முகாமில் தப்பாக எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகப் போய்விட்டது.

சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஜூன் 8, சனி

நெஞ்சு நோய்ப் பிரிவில் எங்களைப் பார்த்தது ஒரு இளம் டாக்டர். பெயர் நேஹா. மத்தியப் பிரதேசத்துக்காரர், மேல்படிப்புக்காக இங்கே வந்திருக்கிறார். தமிழ் பேசத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆனால் கூச்சப்படாமல் பேசுகிறார். அண்ணனை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று நர்ஸ் கத்த, அண்ணன் முகம் கறுத்து, கண் பிதுங்கி, பாதியிலேயே குழாயைக் கீழே வைத்துவிட்டார். பரீட்சையில் தோற்ற பிள்ளைபோல என்னைப் பார்த்தார்.

ஸ்கேன் படத்தை நேஹா விளக்குப் பெட்டியில் செருகிக் காட்டினார். நுரையீரல் இரண்டிலும் மேல்பக்கம் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். காசநோய் இல்லையாம். மணல் தூசி உள்ளே போய், தழும்பாகி, இறுகிக் கிடக்கிறதாம். சிலிக்கோசிஸ் என்று பெயர்.

அண்ணனை உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அங்கே அவர் சொன்னதையெல்லாம் நான் இன்று எழுதப்போவதில்லை.

பஸ்ஸில் அண்ணன் கேட்டார், "என்ன கண்ணு சொன்னாங்க?"

"தூசி அலர்ஜியாமுங்ணா. மருந்து இருக்குதாம்."

"அப்படியா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வந்ததும் மாவு ஆட்டி வைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. சின்னப் பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

மருந்து வாங்கப் போனோம். ஒரு மூட்டை தூக்கும் ஆள் "மூச்சுப் புடிச்சிருக்குதுங்க" என்று சொல்ல, நேஹா பதறிப்போய் அவர் விரலில் கிளிப்பை மாட்டி, எக்ஸ்ரேவுக்கும் எழுதிவிட்டார். அந்த ஆளுக்கு முதுகுச் சதை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் விளக்கிச் சொன்னதும் வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நேஹாவும் சிரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க தமிழ் டீச்சர்தானே? எனக்கு ஒரு நோட்டு போட்டுத் தருவீங்களா? மூச்சு பத்தி இங்க ஆளுங்க சொல்ற எல்லா வார்த்தையும். ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நான் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான் கேஸ் ஷீட்ல எழுதறேன். அது தப்புன்னு தெரியுது."

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "என்ற தங்கச்சி எழுதிக் குடுப்பாளுங்க. அவளுக்குத் தெரியாத வார்த்தையா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் நேஹா நன்றி சொன்னார்.

ஜூன் 20, வியாழன்

ஏழாம் வகுப்பில் சுவாச மண்டலம். கரும்பலகையில் நுரையீரல் வரைந்தேன். இரண்டு பூசணிக்காய்போல வந்தது. உட்சுவாசம், வெளிச்சுவாசம், மூச்சுக்குழல், உதரவிதானம், காற்று நுண்ணறைகள். எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள்தான். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் வாயிலும் நான் இவற்றைக் கேட்டதில்லை.

முதல் பெஞ்சில் உட்காரும் இலக்கியா எழுந்து, "டீச்சர், தூங்கறப்ப யாரு ஞாபகம் வெச்சு மூச்சு விடறது?" என்று கேட்டாள்.

யாரும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, அது பாட்டுக்கு நடக்கும் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு தோளையும் தூக்கித் தூக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் அது பாட்டுக்கு நடப்பதில்லை.

ஜூன் 27, வியாழன்

நோட்டில் இதுவரை எழுதியவை:

மூச்சு வாங்குது: மேடு ஏறினால், வேகமாக நடந்தால் வருவது. நின்றால் அடங்கும்.
இரைக்குது: சத்தத்தோடு வருவது. பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ஆஸ்துமாக்காரர்கள் அதிகம் சொல்வது.
மூச்சு முட்டுது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே இடம் இல்லாததுபோல.
மூச்சுத் திணறுது: தண்ணீரில் முங்கியவர்போல. உடனே பார்க்க வேண்டியது.
நெஞ்சு அடைக்குது: மூச்சாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்க்கவும்.
கோழை: கெட்டிச் சளி. ("பயந்தாங்கொள்ளி" என்றும் பொருள் உண்டு. நோயாளி தன்னைத் திட்டிக்கொள்வதாக நினைக்க வேண்டாம்.)
மேல்மூச்சு வாங்குது: வீட்டார் சொன்னால் தாமதிக்க வேண்டாம்.

அண்ணனிடம் படித்துக்காட்டினேன். கோழைக்குச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிப் பத்து நிமிடம் நிற்கவில்லை.

அடங்கியதும், "உங்களுக்கு எப்படிங்ணா இருக்குது? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றேன்.

யோசித்தார். "மணல்ல மோல்டு கட்டுவோம்ல? கட்டுனதும் கம்பியால அங்கங்க ஓட்டை குத்தி வுடுவோம். வென்ட்டுன்னு பேரு. இரும்புக் கொழம்பு ஊத்தறப்ப காத்து அதுவழியாப் போகோணும். குத்தாம வுட்டா காத்துப் போக வழியில்லாம காஸ்டிங்கே கெட்டுப்போயிரும்." மூச்சு விட்டுக்கொண்டார். "எனக்கு வென்ட்டெல்லாம் அடைஞ்சு போச்சு கண்ணு. அவ்வளவுதான்."

அலர்ஜி என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது.

ஜூலை 6, சனி

ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி சொல்லி, ஒரு சேவைச் சங்கத்தார் இரவலாகக் கொடுத்தார்கள். சின்ன ஃபிரிட்ஜ் அளவு. ஓயாமல் கடகடவென்று சத்தம். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டதும் அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வெளி அறையில் இருந்த அவர் கட்டிலை உள் அறைக்கு இழுத்துப் போட்டேன். பிளக் பாயின்ட் அங்கேதான் சரியாக இருக்கிறது.

பிளக் பாயின்டுக்காக மட்டும் அல்ல. இரண்டு வருடம் முன்புவரை அவர் உள் அறையில்தான் படுத்திருந்தார். காலாண்டுத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, "இந்த இருமலுக்கு நடுவுல எனக்கு ஒரு தாள்கூடத் திருத்த முடியலீங்ணா" என்று சொன்னேன். அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு வெளி அறைக்குப் போய்விட்டார். நடுவில் இருக்கும் கதவை நான்தான் சாத்தினேன்.

ஜூலை 11, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நல்லவேளையாகப் பார்த்தேன். விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பகல் முழுக்க ஒரு மூலைக் கட்டிலில் ஆக்சிஜனோடு உட்கார வைத்துக்கொள்ள நேஹா ஏற்பாடு செய்துவிட்டார். ஷிப்ட் முடிந்து கிட்டுசாமியும் வந்தார். அண்ணனோடு ஃபெட்லிங்கில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, செக்சனில் யார் யாருக்குச் சண்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல நாள் என்றுதான் எழுத நினைத்தேன்.

மூன்று மணிபோல நேஹா நோட்டோடு வந்தார். "அக்கா, இதுல ஒண்ணு விட்டுட்டீங்க. இன்னைக்கு ஒரு பெரியவர் 'நடந்தா இளைக்குது'ன்னார். போன்ல தேடினா ஒல்லியாகிறதுன்னு வருது. ஆனா அவர் எடை குறையவே இல்லை. என்ன அர்த்தம்?"

நோட்டை வாங்கி, எழுதியவரைக்கும் ஒரு தடவை புரட்டினேன்.

"ரெண்டு அர்த்தமும் உண்டு டாக்டர்" என்றேன். "உடம்பு இளைக்குதுன்னா மெலியறது. நடந்தா இளைக்குது, வேலை செஞ்சா இளைக்குதுன்னா மூச்சு வாங்கறது."

"ஐயோ. இது ரொம்ப முக்கியமாச்சே. இதை எப்படி மறந்தீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆக்சிஜன் பாட்டிலில் குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறந்துதான் போய்விட்டது.

ஜூலை 12, வெள்ளி

மறக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து துணி துவைத்தேன், அரிசி புடைத்தேன், பாத்ரூம் கழுவினேன். இனி வேலை எதுவும் மீதி இல்லை. எழுதிவிடுகிறேன்.

முகாமில் டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று இந்த டைரியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு காலமும் என்னிடமே அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். டாக்டர் தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்.

வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அரைநாள் அனுமதி வாங்கிப் போனேன். முகாம் டாக்டர் வெளியூர்க்காரர், தமிழ் தெரியாது. அண்ணன் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இரும்பத் தூக்கிட்டு நாலு எட்டு வெச்சா இளைக்குதுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஹீ இஸ் லூசிங் வெயிட்" என்றேன்.

அந்த மாதம்தான் அண்ணன் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தினமும் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தபோது எனக்குக் கேட்டது, நான் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததுதான். நாலு எட்டு வைத்தால் யாராவது மெலிவார்களா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லியிருக்கும். எனக்கு மத்தியானம் வகுப்பு இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை குறைவு, இருமல் என்று அட்டையில் எழுதினார். பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. அதன்பிறகு போன இடத்தில் எல்லாம் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டினோம். எடை குறைவு, இருமல் என்றதும் காசநோய் என்றுதான் யாருக்கும் தோன்றியது. அந்த நாலு வருடமும் அண்ணன் தினமும் எட்டு மணி நேரம் அதே தூசியில் நின்றார்.

ஜூன் 8 அன்று வராந்தாவில் நேஹா சொன்னது இதுதான்: "நாலு வருசம் முன்னாடியே தூசியை விட்டு வெளியே வந்திருந்தா, இன்னும் ரொம்ப வருசம் நல்லா இருந்திருப்பார் அக்கா." இப்போது எவ்வளவு நாள் என்று கேட்டேன். "தீபாவளி வரைக்கும்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் தோளில் கை வைத்தார்.

ஜூலை 20, சனி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நாலு மணி. காப்பி ஆற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இப்போதெல்லாம் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது.

"அண்ணா, அந்த கேம்ப்ல நான் டாக்டர்கிட்டத் தப்பாச் சொல்லிட்டனுங்ணா."

கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும் கண்ணு."

"நேஹா டாக்டர் அன்னைக்குக் கேட்டப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

"இல்ல. அப்பவே."

அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"வெயிட்டுன்னா… தெரியாதா எனக்கு? தெனமும்… வெயிட்டுப் போட்டுத்தான… லாரியில ஏத்தறோம்."

"அப்புறம் ஏனுங்ணா சொல்லல?"

மூச்சுச் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"நீ வந்து… ரண்டு வருசம்… யாரு மூஞ்சியும் பாத்து… பேசல. அன்னைக்குத்தான்… அந்த டாக்டரு மூஞ்சியப் பாத்து… இங்கிலீசுல சொன்னே. டக்குனு. அதப் போயி… தப்புன்னு… எப்படிச் சொல்றது?"

"உங்க உசுருங்ணா அது."

"உசுருன்னு… அன்னைக்குத் தெரியல."

நான் அழுதேன். அவர் கையை நீட்டி என் தலையில் வைக்கப் பார்த்தார். குழாய் எட்டவில்லை. நான்தான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "அப்புறம் போன எடத்துல… நானாச்சும் சொல்லியிருக்கலாம். சொன்னா… வேலைய வுடச் சொல்லுவாங்கன்னு… பயம். பாதி… என்ற தப்பு."

இது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. அண்ணன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்காக என்றால் சொல்லியிருப்பார்.

அண்ணன் வீட்டுக்கு நான் வந்த கதையை இந்த டைரியில் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. ஆறு வருடம் முன்பு ஒரு சூட்கேசோடும் இடது கையில் மாவுக்கட்டோடும் வந்தேன், அது போதும். அண்ணன் கதவைத் திறந்தார். "சாப்புட்டியா?" என்று கேட்டார். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, வேறு எதுவும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு இடத்தில் பெண் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. அது எப்போது நின்றது, ஏன் நின்றது என்று நானும் கேட்டதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டேன். பருப்பு நன்றாக வெந்தது. அண்ணன் மூன்று கரண்டி சாப்பிட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

இரண்டு கரண்டி.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. கீழ் வீட்டில் சித்ரான்னம் கொடுத்தார்கள். அண்ணனுக்கு எலுமிச்சைச் சாதம் பிடிக்கும். தட்டில் போட்டுக்கொண்டு போனால் ஆள் சரியாக விழிக்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்கிறார், திரும்பத் தூங்கிப்போகிறார். உதடு நீலம் பூத்திருந்தது. கீழ் வீட்டுக்காரரும் அவர் மகனும் நாற்காலியோடு தூக்கிக் காரில் ஏற்றினார்கள்.

உள்ளே இழுக்கிற மூச்சு பிரச்சினை இல்லையாம், வெளியே போக வேண்டிய கரியமில வாயு போகாமல் இரத்தத்தில் தேங்கிவிட்டதாம். நேஹா சொன்னார். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க் மாட்டி, மெஷினோடு இணைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று கொஞ்ச நேரம் மாஸ்க்கைக் கழற்றி, தண்ணீர் கொடுக்க விட்டார்கள். மூக்குத் தண்டில் புண்ணாகியிருக்கிறது. பஞ்சால் ஒற்றி எண்ணெய் தடவினேன். தாடி வளர்ந்துவிட்டது. ஷேவ் பண்ணிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு, "ஃபேன… சித்தெ… இந்தப்பக்கம்" என்றார்.

டேபிள் ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு விரலை மட்டும் அசைத்தார்.

வென்டிலேட்டரில் போடுவதா என்று பெரிய டாக்டர் கேட்டார். போட்டால் திரும்ப எடுக்க முடியாது, நுரையீரல் ஒத்துழைக்காது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிக்காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டேன். அண்ணனிடம் போய்த் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வேண்டாம் என்று கையசைத்தார். இரண்டாவது தடவையும் கேட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணன் இன்று பகல் பதினொன்றே காலுக்குப் போய்விட்டார்.

நேஹா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்த பிறகும் நான் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை ஏறும் என்று காத்திருந்தேன். நேஹாதான் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மெஷினைத் திரும்ப எடுத்துப்போனார்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை தாள் வேண்டுமானாலும் திருத்தலாம்.

ஆகஸ்ட் 31, சனி

காரியமெல்லாம் முடிந்தது. நாளை மறுநாள் முதல் பள்ளிக்குப் போக வேண்டும்.

கிட்டுசாமி வந்தார். பவுண்டரியில் அண்ணனுடைய பெட்டியில் இருந்ததை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு காக்கிச் சட்டை, கண்ணாடி, துணிக் கையுறை ஒரு ஜோடி. சட்டையை உதறினேன். பொடிமணல் பறந்தது. "வெளியில வெச்சு உதறுங்க டீச்சரம்மா" என்று பதறினார். "அத… நீங்க… மூச்சுல இழுத்துறாதீங்க."

அந்த வாக்கியம் எங்கெங்கே நின்றது என்று கவனித்தேன். அண்ணனும் ஒரு காலத்தில் இதே இடங்களில்தான் நிறுத்த ஆரம்பித்தார். அப்போது எனக்குக் கேட்கவில்லை.

"கிட்டுசாமியண்ணா, உங்களுக்கு எத்தன நாளா இருக்குது?"

"எதுங்?"

"மூச்சு."

"அட, ஒண்ணுமில்லீங். வயசாவுதல்ல?"

"உங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு."

அவர் பையை மடித்துக்கொண்டே இருந்தார். மடிக்க ஒன்றும் இல்லாத பிறகும் மடித்தார்.

"அடுத்த சனிக்கிழமை லீவு சொல்லுங்க" என்றேன். "எட்டரைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். நீங்க வரலைன்னா பவுண்டரிக்கே வந்துருவேன்."

செப்டம்பர் 7, சனி

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

நேஹா என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கிட்டுசாமியை உட்கார வைத்து, என்ன செய்கிறது என்று கேட்டார். கிட்டுசாமி பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். "உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே."

ரொம்ப நேரம் எடுத்துச் சொன்னார். காலையில் எழும்போது எப்படி, குனிந்து செருப்புப் போடும்போது எப்படி, கிரைண்டர் பிடிக்கும்போது எப்படி என்று. நேஹாவுக்குப் புரியாததை நான் இங்கிலீஷில் சொன்னேன். எனக்கே உறுதியில்லாத இடத்தில் நிறுத்தி, அவரிடம் திரும்பக் கேட்டேன். மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர்.

"கடசியா தேவராசு எதாச்சும் சொன்னானுங்களா?" என்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"ஒண்ணும் பெருசாச் சொல்லலீங்க. இருந்த மூச்சு, மூச்சு விடறதுக்கே சரியாப் போச்சு."

தலையாட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"நாலு வருசத்துக்கு முன்னால… கம்பெனில ஒரு கேம்ப் போட்டாங்கல்லங்க? நீங்ககூட வந்தீங்களே. அன்னைக்கு… செக்சனுக்குத் திரும்பி வந்தவன்… வேலையே செய்யலீங்க. ஒவ்வொருத்தங்கிட்டயாப் போயி… 'என்ற தங்கச்சி டாக்டருகிட்ட இங்கிலீசுல பேசுனா, கேட்டீங்களாடா'ன்னு. சூப்பர்வைசருகிட்டச் சொன்னான். கேன்டீன்காரங்கிட்டச் சொன்னான். மூணு நாளைக்கு… அதே பேச்சுதானுங்க."

எக்ஸ்ரே சீட்டை மடித்து, திரும்ப விரித்தேன்.

"சிரிச்சுட்டே இருந்தானுங்க" என்றார்.

உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். அவர் கழற்றிக் கொடுத்தார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் சத்தமாகச் சொல்வது கேட்டது: "மூச்ச நல்லா இழுங்க. இழுத்துப் புடிங்க. அப்படியே வெச்சிருங்க."

வெளியே உட்கார்ந்திருந்த நானும் பிடித்து வைத்திருந்தேன். விடச் சொல்லி அவர்கள் சொல்லும்வரை.